அந்த மூன்று கட்டங்களையும் எடுத்துவிடு

அன்பு மகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய உன் கலியாண அழைப்பிதழ் மாதிரியை அப்பா இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சள் கரையும் நிறைகுடமும் அவருக்குப் பிடித்துக்கொண்டது. கூட வைத்த பதில் துண்டில் கோழி, மீன், மரக்கறி என்று மூன்று கட்டம் போட்டு, "ஒன்றில் புள்ளடி இடவும்" என்று இருக்கிறதே, அதைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது கலியாணமோ தேர்தலோ?" என்று கேட்டார்.

ரொறன்ரோவில் அதுதான் முறை என்று எனக்குத் தெரியும். ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று காசு கட்டுகிற இடத்தில் முன்கூட்டியே கணக்குக் கொடுக்கத்தானே வேண்டும். இங்கே யாழ்ப்பாணத்தில் சமையல்காரர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: எத்தனை இலை? நாங்கள் நானூறு என்றால் அவர் எங்களை நம்பாமல் நானூற்றைம்பதுக்கு அரிசி போடுவார். தாலி கட்டுகிற அன்று மண்டபத்துக்குள் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை, அதனால் புள்ளடிக்கும் வேலை இல்லை. கோழி இல்லாமல் கை கழுவ மாட்டோம் என்கிற உன் சித்தப்பாமாருக்குக் கலியாணத்துக்குப் பிறகு வருகிற நாலாம் சடங்கு இருக்கிறது. அதற்குக் கோழியும் ஆடும் ஹலால் கடையில் எடுக்கச் சொல்லிவிட்டேன். மாடு எங்கள் படலை தாண்டாது. அந்தச் சமையல் மச்சம் சாப்பிடுகிற எல்லாருக்கும் பொதுவாகிவிடும்.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். மச்சத்தோடு பாலும் நெய்யும் தொடாத பிள்ளை ஒன்று, கோதுமை ஆகாத பொடியன் ஒருவன், கஜுவும் எள்ளும் ஒத்துக்கொள்ளாத குழந்தை ஒன்று, மாப்பிள்ளையோடு படித்த கொழும்பு முஸ்லிம் பெடியன்கள் இரண்டு பேர். இவர்களுக்கு ஒரு மூலையில் தனி மேசை போட்டால் லேசு என்று எழுதியிருக்கிறாய். லேசுதான். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. யாரை எந்தப் பந்தியில் இருத்துவது, யாரைப் படலையோடு மறித்துப் பாத்திரத்தில் ஊற்றிவிடுவது என்று சாதி பார்த்துச் சோறு போட்ட ஊர் இது. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர் பள்ளிக்கூடங்களில் சமஆசனமும் சமபோசனமும் வேண்டுமென்று நின்ற கதையை அம்மப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார்! வருத்தத்துக்காகவென்றாலும் ஒரு ஆளை எழுப்பி, "உங்களுக்கு அங்கே" என்று கை காட்ட என்னால் முடியாது.

அப்பாவோடு படித்த அந்த நானா எங்கள் கலியாணத்தில் முதல் பந்தியில் அப்பாவின் தம்பிக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர். பிறகு 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் முழுவதையும் போகச் சொன்னபோது கையில் இருந்ததோடு புத்தளம் போனார். உன் கலியாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறார். "மரக்கறிதானே, எனக்கென்ன பயம்?" என்று தொலைபேசியில் சிரித்தார். அவரும் அதே பந்தியில்தான் இருப்பார்.

ஒரே பந்தி என்றால் எல்லாவற்றையும் கலந்து கட்டுவது என்று நினைத்துவிடாதே. போன வருடம் ஒரு வரவேற்புக்குப் போனோம். பஃபே. மரக்கறிக்கும் இறைச்சிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. பெரியம்மா கத்தரிக்காய்க் கறிக்குக் கையை நீட்டினா. முன்னுக்கு நின்ற பெடியன் கோழிக்குழம்பில் இருந்த கரண்டியை எடுத்து, ஒரு உதறு உதறிவிட்டுக் கத்தரிக்காய்க்குள் விட்டான். கரண்டிக் காம்பில் சிவப்பு எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மேசையிலேயே வைத்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு வந்து இருந்தா. எழுபது வருடச் சைவம் ஒரு கரண்டியில் போயிருக்கும். அதனால் பந்தியில் யாரையும் பிரிப்பதில்லை, பிரிப்பதெல்லாம் அடுப்படியில் என்று நானும் அப்பாவும் முடிவெடுத்திருக்கிறோம்.

சமையல்காரரோடு இரண்டு மணித்தியாலம் இருந்து கதைத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு அவருக்கே ருசி பிடித்துவிட்டது. எங்கள் சாப்பாட்டில் பாதி பாலில்லாமலே இருக்கிறது என்பதை நானும் அப்போதுதான் யோசித்தேன். சொதி, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பால்கறி எல்லாம் தேங்காய்ப்பால். பசுப்பால் வருவது நெய்யிலும் தயிரிலும் பாயாசத்திலும்தான். நெய்யைக் கிடாரத்துக்குள் ஊற்றாமல் செம்பில் கொண்டுவந்து, கேட்டுக் கேட்டு விடச் சொல்லியிருக்கிறேன். தயிரும் அப்படியே. பாயாசத்துக்கு ரின்பால் வேண்டாம். பயறு வறுத்து, சவ்வரிசி போட்டு, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு ஒரே கிடாரமாக இறக்கலாம். சேமியா போட்டால் கோதுமை வந்துவிடும். கஜுவும் பிளம்ஸும் இல்லாத பாயாசத்தைக் கண்டு உன் மாமி மூக்கைச் சுளிப்பா, சுளிக்கட்டும்.

கோதுமைதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. குடல் வருத்தக்காரருக்கு ஒரு துளி பட்டாலும் உள்ளுக்குள் புண்ணாக்கிவிடும் என்று எழுதியிருந்தாய். சோற்றுச் சாப்பாட்டில் கோதுமை எங்கே என்று முதலில் நினைத்தேன். கடையில் விற்கிற பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பி வாசித்தால் கோதுமை மா என்று போட்டிருக்கிறது! ரசத்துக்குப் பெருங்காயம் இல்லை, மிளகும் உள்ளியும் கூடப் போடச் சொல்லிவிட்டேன். உழுந்து வடை பதமாக வருவதற்கு இவர்கள் ஒரு பிடி கோதுமை மா சேர்ப்பார்கள், அதையும் நிற்பாட்டியாயிற்று.

ஆனால் அந்தப் பொடியனுக்குப் பயம் மண்டபத்தில் இல்லை, காலைச் சாப்பாட்டில்தான். இடியப்பம், புட்டு, தோசை என்றால் அரிசி என்று அவன் நம்பிச் சாப்பிடுவான். எங்கள் ஊரில் அவித்த கோதுமை மாவிலும் இடியப்பம் பிழிவோம், புட்டு அவிப்போம். தோசைக்கும் கோதுமை மா கரைப்போம். அவன் தங்கும் நாலு நாளும் காலமை நான் வீட்டில் சிவப்பரிசி மாவில் பிழிந்து கொடுத்துவிடுகிறேன். வெளியில் சம்பல் தொட வேண்டாம் என்று பால் தொடாத பிள்ளையிடமும் சொல்லிவை, சில கடைகளில் மாசிக் கருவாடு போடுவார்கள்.

எள்ளுக்காக முழுச் சமையலையும் தேங்காய் எண்ணெய்க்கு மாற்றியிருக்கிறோம். கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்காவிட்டால் அது கத்தரிக்காயா என்று அப்பா இன்னும் முணுமுணுக்கிறார்.

பிறகு கேக். ஒருவரும் யோசிக்காத சாமான் அதுதான். போகும்போது கையில் கொடுக்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள் முட்டை, கஜு, ரவை, பட்டர் எல்லாம் இருக்கிறது, பழங்களைப் பிரண்டியில் ஊற வைப்பதும் வழக்கம். உன் பட்டியலில் உள்ள அத்தனை பேரும் ஒரே துண்டில் அகப்பட்டுவிடுவார்கள். பிரண்டி வேண்டாமென்று கேக்காரரிடம் சொல்லியாயிற்று. பெட்டியின் மூடியில் உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து ஒட்டப் போகிறோம். பெரியம்மாவுக்கும் மற்ற ஆட்களுக்கும் கேக்குக்குப் பதிலாக அரியதரம், நானே சுடுகிறேன்.

அழைப்பிதழில் கட்டங்களை எடுத்துவிட்டு, "சாப்பாட்டில் ஒத்துக்கொள்ளாதது ஏதும் இருந்தால் அறியத் தரவும்" என்று ஒரு வரி போட்டால் போதும். சீனி வருத்தக்காரருக்கு வரி தேவையில்லை. அவர்கள் பாயாசத்தை எப்படியும் இரண்டு தரம் வாங்கத்தான் போகிறார்கள், உன் அப்பா உட்பட.

ஒன்று மட்டும் உடனே கேட்டுச் சொல். கனடாவில் எள்ளோடு கடுகையும் ஒவ்வாமைப் பட்டியலில் வைத்திருக்கிறார்களாம். அந்தக் குழந்தைக்குக் கடுகு சரிவருமா? கடுகு இல்லாமல் இங்கே தாளிதம் இல்லை. ஆகாதென்றால் தாளிக்க முதலே அந்தப் பிள்ளைக்குக் கறி எடுத்து வைக்க ஒரு சின்னச் சட்டி ஒதுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சமையல்காரர் சாமான் துண்டு எழுத வருகிறார், அதற்குள் பதில் போடு பிள்ளை.

அன்புடன்,
அம்மா