மார்கழியில் நீச்சல் குளம்: பலகையில் ஒரு எண் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்த நாளிலிருந்து பொங்கல் வரை ஏற்காடு, கொடைக்கானல், கிழக்குக் கடற்கரைச் சாலை என எங்கும் ரிசார்ட் அறைகள் நிரம்பிவிடுகின்றன. விளம்பரத்தில் பெரும்பாலும் முதலில் வருவது நீச்சல் குளத்தின் படம்தான். அந்தத் தண்ணீர் எத்தனை டிகிரி என்பது மட்டும் எங்கேயும் இருப்பதில்லை. குளத்தின் ஆழத்தை எழுதி வைக்கும் பலகையிலேயே, தினமும் காலை ஏழு மணிக்குத் தண்ணீரின் வெப்பநிலையையும் எழுத வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. நீச்சல் குளப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் அதற்கான காரணங்களைச் சொல்கிறோம்.

நம் ஊர்ப் பனிக்காலம் ஆளை ஏமாற்றும். சென்னைக் கடற்கரையில் டிசம்பர் பகலில் 28, 29 டிகிரி இருக்கும். மெல்லிய சட்டையோடு நடக்கலாம். அந்த வெயிலைப் பார்த்துத்தான் பிள்ளைகள் குளத்தில் குதிக்கிறார்கள். ஆனால் தண்ணீர் பகல் வெயிலுக்குப் பின்னால் போவதில்லை. கடந்த நான்கைந்து நாளின் பகலையும் இரவையும் கூட்டிச் சராசரி எடுத்தால் என்ன வருமோ, அதை ஒட்டியே நிற்கும். அதனால் கடற்கரையில் சூடேற்றாத குளம் 24 முதல் 26 டிகிரிவரை இருக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் அதே மாதம் 20க்கும் கீழே போய்விடுவது சாதாரணம். 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலில் சூடேற்றாத குளம் அந்த நாட்களில் படம் எடுக்க மட்டுமே லாயக்கு.

போட்டி நீச்சலுக்கான குளங்களை 25 முதல் 28 டிகிரிக்குள் வைப்பார்கள். அது விடாமல் கைகால் அடித்துக்கொண்டிருக்கும் உடம்புக்கான கணக்கு. ஓரத்தில் நின்று பந்து விளையாடும் சிறு பிள்ளைக்கு 29, 30 டிகிரியாவது வேண்டும். 24இல் பெரியவர்கள் நீந்தலாம், சும்மா நிற்க முடியாது. 22இல் குழந்தையைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. 20க்குக் கீழே இறங்கியதும் மூச்சு இழுத்துப் பிடிக்கும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அங்கே குதிக்கவே கூடாது. 15க்குக் கீழே நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் முதல் ஒரு நிமிடம் ஆபத்தானது. தன்னையறியாமல் வாய் திறந்து மூச்சை இழுக்கும்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் நீர் நேரே நுரையீரலுக்குப் போகும்.

குளம் குளிர்ந்துவிட்டால் நிர்வாகம் வழக்கமாகச் சொல்லும் காரணம், "நேற்று மழை சார்." இது பாதிகூட உண்மையில்லை. சராசரி 1.2 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 10 சென்டிமீட்டர் மழை நேரே கொட்டினாலும், மழைநீர் குளத்து நீரைவிட ஐந்து டிகிரி குளிர்ந்ததாக இருந்தாலும், குளம் அரை டிகிரிகூடக் குறையாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களிலும் பெருமழை கொட்டிவிட்டுப் போனதே, அதுபோன்ற நாட்களில் குளத்தைக் குளிர வைப்பது இரண்டு. ஒன்று, நான்கைந்து நாள் சூரியன் தலைகாட்டாதது. மற்றொன்று, மழை விட்ட பிறகு தெளிந்த வானத்தோடு வரும் வறண்ட வாடைக்காற்று. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே குளமும் குளிர்கிறது. நீர்மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆவியாகிப் போனால் அந்த 1.2 மீட்டர் நீர் முழுவதும் அரை டிகிரி இறங்கும். காற்றடிக்கும் ஓர் இரவில் மூன்று மில்லிமீட்டர் போனால் ஒன்றரை டிகிரி போச்சு. வெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் இந்த வழியில்தான் போகிறது.

ஆகவே ஹீட்டர் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது மேலே போர்த்தும் விரிப்பு. குமிழிகள் உள்ள நீல நிற பிளாஸ்டிக் விரிப்பை, குமிழிப் பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி, மாலை ஆட்கள் கரையேறியவுடன் போர்த்திவிட வேண்டும். குளம் அழகாகத் தெரிய வேண்டும் என்று பல இடங்களில் இரவெல்லாம் உள்ளே விளக்கைப் போட்டுத் திறந்தே வைக்கிறார்கள். போர்த்திய குளத்தில் மட்டும் ஒருபோதும் ஆளை இறக்கக் கூடாது. ஓரத்தைச் சுருட்டிவிட்டுக் குழந்தையை இறக்குகிறார்கள். விரிப்புக்கு அடியில் போன குழந்தை கண்ணில் படாது.

"டெம்பரேச்சர் கன்ட்ரோல்டு பூல்" என்று விளம்பரத்தில் வரும் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 60,000 லிட்டர். இதை ஒரு டிகிரி ஏற்ற 70 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். ஹீட் பம்ப் (காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குத் தரும் இயந்திரம்) ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் வெப்பம் தருவதாக வைத்தால் டிகிரிக்குப் பதினேழு, பதினெட்டு யூனிட் கரண்ட். 20இலிருந்து 27க்குக் கொண்டுபோக 490 யூனிட் வெப்பம் தேவை. 20 கிலோவாட் வெப்பம் தரும் இயந்திரம் இடைவிடாமல் ஓடினாலும் ஒரு நாள் முழுக்க ஆகும், அதுவும் இடையில் குளம் ஆறாமல் இருந்தால். காலையில் விருந்தினர் வந்து முறையிட்ட பிறகு ஹீட்டரைப் போடுவது கண்துடைப்பு. ஹீட் பம்ப் காற்றிலிருந்துதான் வெப்பத்தை உறிஞ்சுகிறது; மலையில் 10 டிகிரிக் காற்றில் அதன் திறன் இறங்கும், காற்று படும் காயில் (குழாய்ச் சுருள்) மீது உறைபனி படிந்து நின்று நின்று ஓடும். வெயிலில் ஓட வேண்டிய இயந்திரத்தை இரவில் ஓட்டுவதும் இழப்புதான். சோலார் குழாய்களைக் கூரையில் பரப்பியவர்கள், தை மாத வெயிலுக்கு அது உதவும், கார்த்திகை மேகத்துக்கு உதவாது என்று தெரிந்துகொண்டே விளம்பரம் செய்ய வேண்டும்.

(ஒரு சுவையான செய்தி: சென்னைப் பக்கம் மார்கழிக் காலையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று வருவது எல்லோருக்கும் தெரியும். அங்கே புதிதாக விடும் தண்ணீர் பல நாட்களில் குளத்து நீரைவிடச் சூடாகவே இருக்கும். உப்பு மட்டும் கூடுதலாக இருந்தால் ஹீட்டரின் உள்குழாயில் உப்புப் படிவு கட்டிவிடும்.)

வெப்பநிலையை அளப்பதில் ஒரு சூட்சுமம் இல்லை என்றாலும் தவறாக அளப்பவர்களே அதிகம். கயிறு கட்டிய மிதவை வெப்பமானி சில நூறு ரூபாய்தான். தண்ணீர் உள்ளே பாயும் துளைகளிலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்தில் இரண்டு நிமிடம் வைத்து, வெளியே எடுக்காமலே பார்க்க வேண்டும். பாதத்தை விட்டுப் பார்ப்பது கணக்கில்லை. மோட்டார் நிறுத்தியிருக்கும் குளத்தில் நண்பகல் வெயிலுக்கு மேல் ஒரு சாண் மட்டும் சூடாகியிருக்கும். பாதம் "பரவாயில்லை" என்று சொல்லும், குதித்த பிறகு நெஞ்சு வேறு சொல்லும்.

இன்னொன்று, நேரம். பல ரிசார்ட்டுகளில் குளம் திறந்திருப்பது காலை 7 முதல் 10 வரை, மாலை 4 முதல் 7 வரை. இது சித்திரை வெயிலுக்கு வகுத்த அட்டவணை. வருடம் முழுக்க அதே பலகை தொங்குகிறது. டிசம்பரில் தண்ணீர் மிகக் குளிர்ந்திருப்பது விடிந்தபின் ஓரிரு மணி நேரம். உச்சத்தில் இருப்பது பிற்பகல் மூன்று, நான்கு மணி. அப்போது சரியாகக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கார்த்திகை முதல் தை வரை 11 மணியிலிருந்து 5 மணி வரை திறந்து வைக்க ஒரு ரூபாய் செலவில்லை. இடி கேட்டால் மட்டும் உடனே எல்லோரையும் ஏற்றி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மழை நின்றதா என்பது அங்கே கேள்வியே இல்லை.

குளிர் என்றால் கிருமி இருக்காது என்ற நம்பிக்கையில் மோட்டாரை நிறுத்தி வைப்பதுதான் எங்களுக்கு மிகவும் உறுத்தும் விஷயம். வார நாட்களில் ஆள் இல்லை, கரண்ட் பில் மிச்சம் என்று வியாழன் வரை ஓட்ட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு கலங்கிய நீரைப் பார்த்துக் குளோரினை அள்ளிக் கொட்டுவார்கள். சனிக்கிழமை காலை கண் எரிகிறது என்று பிள்ளைகள் ஏறி வருவார்கள். 60,000 லிட்டருக்கு மணிக்கு 12,000 லிட்டர் இழுக்கும் பம்ப் ஐந்து மணி நேரத்தில் ஒரு சுற்று வடிகட்டும். ஆளே இல்லாத நாளிலும் ஒரு சுற்றாவது ஓட வேண்டும். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் தூள்) என்றால் அந்த 60,000 லிட்டரில் 92 கிராம் போட்டாலே ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏறிவிடும். கட்டற்ற குளோரின் (இன்னும் வேலை செய்யாமல் மிச்சமிருக்கும் குளோரின்) 1 முதல் 3 பிபிஎம், பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8 என்று வைத்தால் போதும். பிஎச் 7.5இல் குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் நிலையில் இருக்கும், 8 ஆனால் கால் பங்கு. மழைக்குப் பின் குளோரின் காணாமல் போவதற்கும் நேரே விழுந்த மழை பெரிய காரணமல்ல. பூந்தொட்டி மண்ணும் இலையும் தரையிலிருந்து வழிந்து வருவதே காரணம். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சொட்டு மருந்து சோதனை, வேலை முடிந்து செத்துப்போன குளோரினையும் சேர்த்துக் காட்டும். கட்டற்ற குளோரினை மட்டும் இளஞ்சிவப்பாகக் காட்டும் டிபிடி சோதனை மாத்திரையை வாங்குங்கள். அடித்துச் சொல்ல வேண்டிய ஒன்று: ஒரே அளவுக் குவளையால் பிளீச்சிங் பவுடரையும் டிசிசிஏ (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம் என்ற வேறு வகைக் குளோரின்) தூளையும் மாற்றி மாற்றி அள்ளாதீர்கள். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

மலையில் உண்மையாகவே சூடேற்றிய குளத்துக்கு வேறொரு சிக்கல் உண்டு. வெளியே 10 டிகிரி, தண்ணீர் 28 என்றால் விடியலில் குளத்தின் மேல் வெண்ணிற ஆவி எழும்பி நிற்கும். படத்துக்கு அழகு. ஆனால் கரையில் நிற்கும் காவலருக்கு எதிர்க்கரைத் தலைகூடத் தெரியாது. ஆழமான பக்கத்தின் அடியில் இருக்கும் வடிகால் சல்லடை கரையிலிருந்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. கலங்கல் மறைத்தாலும் ஆவி மறைத்தாலும் குளம் மூடப்பட்டதாகவே கொள்ள வேண்டும். குளிரில் ஆள் வரமாட்டார்கள் என்று காவலரை விடுப்பில் அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கும் வழக்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பெற்றோருக்குச் சில வார்த்தை. பருத்தி டி-சர்ட்டோடு குழந்தையை இறக்காதீர்கள். கரையேறியதும் அந்த ஈரத் துணி காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உதடு நீலம் பாரித்தால், பேச்சு குழறினால், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்ற கெஞ்சலுக்கு இடம் தராமல் ஏற்றி, முதலில் தலையைத் துவட்டி, உலர்ந்த துணி மாற்றி, வெதுவெதுப்பான பால் கொடுங்கள். நடுங்கும் பிள்ளையைப் பக்கத்திலிருக்கும் ஜக்கூஸியில் (வெந்நீர்த் தொட்டி) இறக்குகிறார்கள். அதன் தண்ணீர் 38, 40 டிகிரி. ஐந்து வயதுக்குக் கீழே அதில் இறங்கவே கூடாது. சூட்டில் குளோரின் சீக்கிரம் போய்விடுவதால் அங்கே 3 பிபிஎம்மாவது இருந்தாக வேண்டும். எத்தனை இடத்தில் அளக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அறை பதிவு செய்ய அழைக்கும்போது "பூல் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு சார்" என்பார்கள், "ஹீட்டட் பூலா?" என்றாலும் "ஆமா சார்" என்றே பதில் வரும். "இன்னிக்குக் காலையில தண்ணி எத்தனை டிகிரி, ராத்திரி மூடி வைக்கிறீங்களா, மதியம் மூணு மணிக்குத் திறந்திருக்குமா?" என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவர்களிடம் வெப்பமானி இல்லை என்று அர்த்தம். சொன்ன எண்ணை வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். தவறான விளம்பரத்தைப் பற்றி 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் செய்ய நேர்ந்தால், அந்த ஒரு வரிதான் கையில் இருக்கும் ஆதாரம்.

இப்படிக்கு,
நீச்சல் குளப் பராமரிப்பாளர்கள் சிலர்,
சேலம்.