முதல் வேட்டை வில்: அளவு பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போகிறவர்கள் முதல் காம்பவுண்ட் வில்லையே (முனைகளில் உருளைகள் உள்ள நவீன வில்) 70 பவுண்டு இழுவிசையில், அதாவது நாணை இழுக்க அவ்வளவு விசை தேவைப்படும்படி, வாங்க வேண்டாம். வெண்வால் மானுக்கு 45, 50 பவுண்டு தாராளம். மாநில விதியின் குறைந்தபட்ச அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை வானம் பார்க்கத் தூக்காமல் இழுக்க வரவில்லையென்றால் இழுவிசையைக் குறையுங்கள்.

இழுநீளத்துக்கு, அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதற்கு, விரித்த கைகளை நுனியிலிருந்து நுனிவரை அளந்து 2.5-ஆல் வகுக்கவும், 70 அங்குலம் என்றால் 28.

பழைய வில் மலிவுதான். ஆனால் அம்பு பூட்டாமல் நாணை விட்டிருந்தால் வில்லின் கைகளில் (நடுப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பட்டைகளில்) விரிசல் இருக்கலாம். அந்தப் பட்டைகளைப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள், இழை சிக்கினால் விட்டுவிடுங்கள். இழுவிசையின் ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்கும் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) குறைந்த எடையுள்ள அம்பும் வில்லை அப்படியே கெடுக்கும். புது நாணுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்