தராசிலிருந்து தேர்தல் களத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

நீதிபதிகள் அரசியலுக்கு வருவது புதிதல்ல. மும்பை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த விஜய் பகுகுணா 1995-இல் பதவி விலகி, 2012-இல் உத்தராகண்ட் முதல்வரானார். அதன் பிறகே சிதார்கஞ்ச் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குள் போனார். நீதிபதி பதவிக்கும் முதல்வர் பதவிக்கும் நடுவில் 17 ஆண்டுகள்! கல்கத்தா நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாயோ 2024 மார்ச் 5 அன்று விலகி, 7-ஆம் தேதி பாஜகவில் சேர்ந்துவிட்டார். என்ன அவசரமோ? பிறகு தம்லுக் மக்களவைத் தொகுதியில் வென்றார்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. 1957-இல் கேரள அமைச்சராக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் பின்னாளில் உச்ச நீதிமன்றம் வரை உயர்ந்தார்.

நான் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். டவாலி எனப்படும் நீதிமன்றச் சேவகர் முன்னே வர நீதிபதி நுழைந்ததும் மொத்தக் கூடமும் எழுந்து நிற்கும். அதே மனிதர் திறந்த ஜீப்பில் கைகூப்பி வந்தால் எனக்கு உறுத்தாது, வரட்டும். ஆனால் நேற்று அவர் முன் வழக்கில் தோற்றவர் இன்று தீர்ப்பு நகலைத் திரும்ப எடுத்துச் சந்தேகத்தோடு படிப்பாரே!

ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது என்கிறது அரசியல் சாசனம். தேர்தலில் நிற்க மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு ஆண்டாவது இடைவெளி வைத்து நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்