கணக்கில் வராத சி வகை ஃப்ளூ

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃப்ளூ பற்றிய செய்திகளில் ஏ, பி வகைகள் மட்டுமே இடம்பெறுகின்றன. 1947-லேயே கண்டறியப்பட்ட சி வகை அரிதானது என்ற எண்ணம் தவறு. பள்ளி வயதைத் தாண்டுவதற்குள் பெரும்பாலான குழந்தைகளின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருள் உருவாகிவிடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரும்பாலும் சாதாரண சளியாக வந்து போவதாலும், வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் வழக்கமான பிசிஆர் பரிசோதனை ஏ, பி இரண்டை மட்டுமே தேடுவதாலும் இது கண்ணில் படுவதில்லை.

ஓர் ஊரில் இது எவ்வளவு பரவியுள்ளது என்றறிய, வயதுவாரியாக ரத்த மாதிரி எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத் தனியே வைப்பது அவசியம். அவர்களிடம் இருப்பது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளாக இருக்கலாம். வைரஸ் ரத்தச் சிவப்பணுக்களை ஒட்டித் திரளச் செய்யும்; மாதிரியில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் அதைத் தடுத்துவிடும். இதைப் பார்க்கும் சிவப்பணுத் திரட்சித் தடுப்புச் சோதனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்த வைரஸின் மேற்புரதத்தில் எஸ்டரேஸ் நொதியும் உண்டு. அறை வெப்பத்தில் வைத்தால் அந்த நொதி, சிவப்பணுவில் வைரஸ் ஒட்டும் இடங்களான ஏற்பிகளைச் சிதைக்க, திரண்ட அணுக்கள் பிரிந்துவிடும். வைரஸே ஒட்டாதபோது, எதிர்ப்புப் பொருள் தடுத்துவிட்டதுபோல் தோன்றும்! ஆகவே 4 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒற்றை மாதிரி பழைய தொற்றைத்தான் சொல்லும். புதிய தொற்றை உறுதிசெய்ய, இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்த மாதிரியில் எதிர்ப்புப் பொருளின் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருக்க வேண்டும். மருத்துவர்கள் கவனிக்க: ஏ, பி வகைகளில் உள்ள நியூராமினிடேஸ் நொதி இதில் இல்லாததால், அந்த நொதியைத் தடுக்கும் ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிர் பயன் தராது.

இப்படிக்கு,
வைரஸ் ஆய்வக ஊழியர்கள்