சுபேதார் மாமா போய்விட்டார்

அருவங்காடு

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லாரும் நலம். நீ போனை எடுத்தால்தானே சொல்ல முடியும், அதனால் கடிதம். சுபேதார் மாமா போன வியாழக்கிழமை விடிகாலையில் தவறிவிட்டார். தூக்கத்திலேயே.

எடுக்கும்போது நல்ல மழை. பக்கத்து வெலிங்டன் ராணுவ மையத்திலிருந்து பழைய பட்டாளத்துக்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கத்தை அவர்கள் எழுப்பியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேசியவர்கள் எல்லாரும் 1971 போரைச் சொன்னார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனாலும் நமக்குத் தெரிந்த மாமாவை ஒருத்தரும் சொல்லவில்லையே என்று ஆற்றாமையாக இருந்தது.

பட்டாளத்திலிருந்து மாமா எழுதும் இன்லாண்டு கடிதங்களை அத்தைக்குப் படித்துக் காட்டுவோமே! முகவரியில் ஊர் பெயர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும். 1987-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார் என்பதே நமக்கு அப்புறம்தானே தெரிந்தது. நம் பாஷை பேசுகிற ஊரில் துப்பாக்கியோடு நின்ற மனுஷன் எழுதிக் கேட்டதெல்லாம் கூரை ஒழுகுதா, சின்னவளுக்கு இருமல் விட்டதா, உருளைக்கிழங்கு தோண்டியாச்சா. அந்த ஊரைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. யாராவது கேட்டால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்ததும் பாங்க் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டார். சமையல், துணி எல்லாம் அவர்தான். தினமும் அத்தைக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னுவார். பின்னல் கோணினால் அவிழ்த்து மறுபடியும் பின்னுவார். மருமகள் கேட்டும் அந்த வேலையை விட்டுக்கொடுக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மாமாவின் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அத்தை பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. பெரியவன் மெதுவாகப் பார்க்கலாம் என்றான். மாமா கேட்கவில்லை. அஃபிடவிட், ஜாயிண்ட் போட்டோ என்று முட்டி வலியோடு அலைந்து திருத்தி வாங்கினார். "சம்பளத்தில் பாதி எனக்கு பென்ஷன். நான் போனால் அவளுக்கு முப்பது சதவீதம்தான். அதுவும் ஒரு எழுத்தால் நின்றுவிடக் கூடாது" என்று என்னிடமே சொன்னார். இப்போது இறப்புச் சான்றிதழை மட்டும் சேர்த்துக் கொடுத்தால் போதும், மற்ற எல்லாம் ஒரு ஃபைலில் வரிசையாக இருக்கிறது. இதைச் செய்யாமல் போனவர்களின் மனைவிமார் ஆபீஸ் ஆபீஸாக அலைவதை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன். உன் மாமனாரும் பட்டாளம்தானே? அவருடைய காகிதங்களை இன்றைக்கே எடுத்துப் பார். தள்ளிப்போடாதே, உனக்குக் கோடிப் புண்ணியம்.

பதினாறாம் நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. கட்டாயம் வா. தபால் சீல் சேர்க்கிறேன் என்று அந்த இன்லாண்டுகளில் பாதியை அள்ளிக்கொண்டு போனாயே, ஏதாவது மிச்சம் இருந்தால் எடுத்து வா. அத்தை உன்னைத்தான் கேட்கிறார். பேச்சு குழறுகிறது, ஆனால் உன் பட்டப்பெயர் மட்டும் தெளிவாக வருகிறது. குன்னூர் பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்திருந்தால் மேட்டுப்பாளையத்தில் இறங்கி நிற்காமல் கோத்தகிரி பஸ்ஸைப் பிடி.

உன்,
பக்கத்து பெஞ்சுக்காரன்