அந்தப் 15 இலக்கங்களை நீங்களே பாருங்கள்

பழைய கைபேசிகளை இணையத்தில் ஏலம் விட இடம் தரும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தென்காசியில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் தளங்களில் ஏலம் எடுத்த கைபேசிகள் பார்சல் பிரித்த கையோடு என் மேசைக்குத்தான் வருகின்றன. டிஸ்ப்ளே மாற்றியவை, பேட்டரி உப்பியவை என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். சில மாடல்களில் சிம் தட்டை இழுத்துவிட்டு உள்ளே விளக்கடித்துப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய குட்டி ஒட்டுத்தாள் சிவந்திருக்கும். தண்ணீரில் விழுந்து எழுந்தது என்று அர்த்தம். இதெல்லாம் பணத்தோடு போகும் நட்டம். நான் எழுத வந்தது அதைவிடப் பெரிய ஒன்றைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் நர்சிங் படிக்கும் ஒரு பெண் தன் தாயோடு கடைக்கு வந்தாள். தாய் பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில், ஏலத்தில் 8,400 ரூபாய்க்கு எடுத்த கைபேசி. வாங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. கடைக்கு வருவதற்கு முந்தைய நாள் மாலை வெளியூர்க் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு: அது திருட்டுப் போன கைபேசி, உடனே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் பாடக்குறிப்புகளை வேறொன்றில் ஏற்றித் தரச் சொல்லி வந்திருந்தார்கள்.

*#06# அழுத்தினேன். திரையில் ஐ.எம்.இ.ஐ. எண் வந்தது. ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண் அது. பெட்டியில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டேன். கடைசி நான்கு இலக்கங்கள் வேறு. பெட்டியின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, என் பெயரைத் திருட்டு வழக்கில் சேர்த்துவிடுவார்களா?" என்று கேட்டாள். தாய் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காவலர்கள் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள். கைபேசி உரியவருக்குப் போய்ச் சேர்ந்தது, அது நியாயம்தான். ஆனால் 8,400 ரூபாய் போனது போனதுதான். விற்றவனின் கணக்கு தளத்திலிருந்தே மறைந்துவிட்டது. புகாருக்கு வந்த பதில், இது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விவகாரம் என்று கைகழுவியது.

அந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு ஏலத்திலும் உங்களுக்குத் தரகு வருகிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்த பிறகுதான் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார். நீங்கள் பல்லைப் பார்க்காமலே விலை பேசுகிறீர்கள்.

பார்ப்பதற்கு வழி இல்லாமலும் இல்லை. தொலைந்த, திருட்டுப் போன கைபேசிகளை முடக்கும் மத்தியப் பதிவேடு 2023 மே முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அடுத்து அந்த 15 இலக்க எண். இதை 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் கைபேசியின் நிலை தெரிந்துவிடும். முடக்கப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்கக் கூடாது. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இதே வசதி உண்டு. ஆனால் ஏலம் கேட்பவருக்கு எண் தெரிந்தால்தானே சோதிக்க முடியும்? கைக்கு வரும்வரை அவர் கண்ணில் படுவது நான்கு புகைப்படங்கள் மட்டுமே.

ஆகவே எண்ணை வாங்க வேண்டியவர்கள் நீங்கள். ஏலத்துக்கு வைக்கும்போதே, *#06# அழுத்திய திரையின் படத்தோடு எண்ணைக் கேளுங்கள். சோதித்துவிட்டு முடிவை மட்டும் பக்கத்தில் காட்டுங்கள். எண்ணைப் பொதுவில் போட்டுவிடாதீர்கள். நல்ல எண்ணைத் திருடி வேறு கைபேசியில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாற்றுவதற்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

ஒருமுறை சோதித்தால் போதாது. இன்று காலை திருடிய கைபேசி மாலையில் ஏலத்துக்கு வரலாம். உரியவர் புகார் கொடுத்து அது பதிவேட்டில் ஏற நாளாகும். பார்சல் கிளம்பும் நாளில் மறுபடி சோதியுங்கள். வாங்கியவர் பெட்டியையும் எண்ணையும் ஒப்பிட்டுச் சரி என்று சொல்லும்வரை பணத்தை உங்களிடமே நிறுத்திவையுங்கள். இதன் பிறகும் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு வந்ததுபோல ஓர் அழைப்பு வந்தால், முழுத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள். விற்றவனைத் தேடிப் பிடிக்க வங்கிக் கணக்கும் அடையாளச் சான்றும் உங்களிடம்தான் இருக்கின்றன, அந்தத் தாயிடம் இல்லை.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்தப் பெண்ணின் புகார் எண்ணும் இரண்டு ஸ்டிக்கர்களின் படமும் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன். உங்கள் தளத்தில் எண் சோதனை தொடங்கும் தேதியைத் தெரிவியுங்கள். தாளில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறேன். அதுவரை, ஏலத்தில் எடுக்கலாமா என்று கேட்டு வருபவர்களை வேண்டாம் என்றுதான் திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
தென்காசியிலிருந்து ஒரு கைபேசிப் பழுதுபார்ப்பவன்