கட் ஆஃப் வீணாகிறதே என்று படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்த பிறகு கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பல வீடுகளில் ஒரே மாணவர் கையில் மூன்று நான்கு இடங்கள் சேர்ந்துவிடுகின்றன. பொறியியலில் கணினி அறிவியல், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, அரசு கலைக் கல்லூரியில் கணிதம். கணிதமும் உயிரியலும் சேர்த்துப் படித்தவர்களுக்கு இது சாதாரணம். அப்போது வீட்டில் எழும் முதல் பேச்சு, "இத்தன கட் ஆஃப் வெச்சுட்டு அதுக்கா போறது? வீணாப் போயிருமுங்க" என்பதுதான். பல குடும்பங்களில் முடிவும் அந்த ஒரு வாக்கியத்திலேயே ஆகிவிடுகிறது. இது எங்களுக்கு மிகுந்த கவலை தருகிறது.

ஓர் இடத்துக்கு எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்பதைத்தான் கட் ஆஃப் காட்டுகிறது. இரண்டு துறைகளின் கட் ஆஃபை ஒப்பிடவும் முடியாது. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் 100, மற்ற இரண்டும் 50, 50 என்று அதே 200. கணக்கே வேறாக இருக்கும்போது 195 பெரியதா 192 பெரியதா என்று பேசிப் பயனில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தப் படிப்பை இப்போது விட்டால் பிறகு வர வழி உண்டா? கால்நடை மருத்துவம், வேளாண்மை, கட்டிடக்கலை மூன்றுக்கும் பிளஸ் டூ முடித்த கையோடுதான் போக முடியும். வேறு பட்டம் முடித்தவர் இவற்றுக்கு வர நினைத்தால் மறுபடி முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். சட்டம் அப்படியில்லை. ஐந்தாண்டுப் படிப்பை இன்று விட்டாலும், எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்றாண்டு சட்டப் படிப்பு இருக்கிறது. எம்.பி.ஏ., இதழியல், சமூகப் பணி ஆகியவற்றுக்கும் எந்தப் பட்டமும் போதும். பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் இருந்தால் எம்.சி.ஏ. சேரலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்து பி.எஸ்சி. முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வை பி.காம். படித்துக்கொண்டே தொடங்கலாம், பட்டம் பெற்ற பிறகு என்றால் வணிகவியல் மாணவர் 55 விழுக்காடும் மற்றவர்கள் 60 விழுக்காடும் பெற்றிருந்தால் முதல்நிலைத் தேர்வு இல்லாமலே நுழையலாம். வேலைப் பக்கமும் இதே கதைதான். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை போன்ற நான்காண்டுப் பட்டங்கள் வேண்டும். வேளாண்மை படித்தவர் பின்னால் எம்.பி.ஏ.வுக்கோ குடிமைப் பணித் தேர்வுக்கோ போகலாம். கணினி அறிவியல் படித்தவர் அந்த வங்கிப் பணிக்கு வர முடியாது.

பிறகு வர முடியாது என்ற ஒரே காரணத்துக்காக, உயிரியல் பிடிக்காத பிள்ளையைக் கால்நடை மருத்துவத்தில் சேர்ப்பதும் தவறு. உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து அது ஐந்தரை ஆண்டு. மாட்டுத் தொழுவத்திலும் கோழிப் பண்ணையிலும் நின்று செய்ய வேண்டிய வேலை. "சம்பளம் நல்லா வருது" என்று கேள்விப்பட்டதை வைத்து ஐந்தரை ஆண்டை ஓட்ட முடியாது.

பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பாடத்திட்டத்தை இணையதளத்தில் வைத்திருக்கின்றன. இரண்டு படிப்புகளின் பாடத்திட்டத்தையும் அச்செடுங்கள். முதலாண்டை விட்டுவிடுங்கள். பொறியியலில் எந்தப் பிரிவானாலும் முதலாண்டு பெரும்பாலும் கணிதமும் இயற்பியலும் வேதியியலும்தான். அதைப் பார்த்துத் துறையைப் புரிந்துகொள்ள முடியாது. மூன்றாம் பருவத்திலிருந்து ஐந்தாம் பருவம் வரை படிக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் செய்முறை என்று இருக்கும். அங்கே சொல்லியிருக்கும் பாடநூல் ஒன்றை மாவட்ட மைய நூலகத்தில் தேடி, ஓர் அத்தியாயத்தைப் பிள்ளையே உட்கார்ந்து படிக்கட்டும். பாதியில் புத்தகத்தை மூடிவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். அப்பாவும் மாமாவும் படித்துப் பார்த்துச் சொல்வது இதற்கு ஈடாகாது.

பணத்தில் ஏமாறும் இடங்கள் மூன்று. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் உதவி பெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் இருக்கும். பொறியியல் கலந்தாய்வுப் பட்டியலில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதி. கட்டணம் பல மடங்கு கூடும். கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து விருப்பத்தைப் பதிந்தவர்கள் கட்டணம் கட்டப் போகும்போதுதான் இதை அறிகிறார்கள். இரண்டாவது, கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீடு. குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வில் கிடைத்த இடத்துக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதும் கலந்தாய்வு வழியாகப் போனால்தான். அதே கல்லூரி, அதே பாடம் என்று நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டினால் இரண்டும் போய்விடும். மூன்றாவது, கல்விக் கடன். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பதை வட்டியும் இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும்.

வேலைவாய்ப்பு என்று கல்லூரி வாசலில் பதாகை கட்டியிருக்கும் தொகை ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம். தேசியத் தரவரிசைக்கு, அதாவது என்.ஐ.ஆர்.எஃப்.புக்கு, கல்லூரிகள் கொடுக்கும் தகவலில் இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளம்), வேலை பெற்றோர் எண்ணிக்கை, மேல்படிப்புக்குப் போனோர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது வேறொன்று: சேர்ந்தவர்களில் குறித்த காலத்துக்குள் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர். அந்த எண் குறைவாக இருந்தால் அரியரோடு நிற்பவர்கள் அதிகம். இந்தத் தகவல் துறைவாரியாக இருக்காது. அதனால் துறைக்கணக்கைக் கல்லூரியிலேயே எழுத்தில் கேளுங்கள். வேளாண்மையைத் தனியார் கல்லூரியில் படிப்பதானால், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.ஏ.ஆர். தரும் அங்கீகாரம் இன்று நடப்பில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். விண்ணப்பித்திருக்கிறோம் என்பது பதிலாகாது.

நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் பனியன், கோவையில் பம்ப்செட்டும் பவுண்டரியும், நாமக்கல்லில் முட்டை என்று தொழில் வீட்டு வாசலில் இருக்கிறது. 1912 முதல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இயங்குகிறது. ஜவுளித் தொழில்நுட்பம், உலோகவியல் போன்ற பாடங்களுக்குக் கட் ஆஃப் குறைவு என்பதற்காக அவற்றைக் கீழாக நினைப்பது இந்த ஊர்களில் வேண்டாத பழக்கம்.

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது தேதிகள்தான். பொறியியல், வேளாண்மை, கால்நடை, கலை அறிவியல், சட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கலந்தாய்வு. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்காது. பொறியியலில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது என்று பல தெரிவுகள் இருக்கும். காத்திருந்து மேல் விருப்பம் கிடைத்துவிட்டால், முதலில் கிடைத்த இடம் தானாகவே வேறொருவருக்குப் போய்விடும்; திரும்பக் கேட்க முடியாது. அதனால் உண்மையாகவே விரும்பாத கல்லூரியைப் பெயருக்காகப் பட்டியலின் மேலே வைக்கக் கூடாது. எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் பதியலாம். வரிசை மட்டும் மனதிலுள்ள வரிசையாக இருக்கட்டும்.

ஓரிடத்தில் சேர்ந்துவிட்டு இன்னொன்று கிடைத்து விலகினால் பணம் திரும்ப வரும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்த விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அதில் 5 விழுக்காடு வரை, 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடிக்கலாம். கடைசி நாளுக்கு 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது என்றால் 90 விழுக்காடு. கடைசி நாள் கழிந்து 15 நாள் வரை 80, 16ஆம் நாள் முதல் 30ஆம் நாள் வரை 50, அதன் பிறகு ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவிப்பதும் உண்டு. எல்லாமே அந்தக் கடைசி நாளைப் பொறுத்தது என்பதால், பணம் கட்டும் அன்றே அந்தத் தேதியை எழுத்தில் வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பும் போட்ட விதி. தர மறுத்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யலாம்.

தங்கள் நாளிதழின் கோவை, ஈரோடு, சேலம் பதிப்புகளில் ஆண்டுதோறும் மே மாதம் முதல் வாரந்தோறும் ஒரு கட்டம் வெளியிட வேண்டுகிறோம். எல்லாக் கலந்தாய்வுகளின் விண்ணப்பக் கடைசி நாள், சுற்றுத் தேதிகள், கட்டணம் கட்டும் நாள், பணம் திரும்பப் பெறும் கடைசி நாள் நான்கும் அதில் இருந்தால் போதும். பள்ளித் தலைமையாசிரியர்கள் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்.